1.7 நொடி

ஒரு கோட்பாட்டை நம்புறவர்கிட்ட நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: எதைப் பார்த்தால் இதைக் கைவிடுவீர்கள்? பதில் இல்லையென்றால் அது கோட்பாடு இல்லை, குடும்பச் சொத்து.

2017 ஆகஸ்ட் 17 அன்று லைகோ, விர்கோ கருவிகள் ஓர் ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அதிர்வு அது. 1.7 நொடி கழித்து ஃபெர்மி விண்கலத்தில் காமா கதிர் வெடிப்பு. இடம் என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலம், சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரம். நொடிக் கணக்கில் ஏறக்குறைய 41 கோடி கோடி நொடிப் பயணம். அதற்குப் பிறகு வந்து சேர்ந்ததில் இடைவெளி 1.7 நொடி!

எனக்குப் பிடித்தது அந்தத் துல்லியம்கூட இல்லை, கணக்கு போட்ட விதம். காமா கதிர் எப்போது கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒளி 10 நொடி தாமதமாகக் கிளம்பியிருந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தார்கள். தூரத்தையும் வேண்டுமென்றே குறைத்தே எடுத்துக்கொண்டார்கள். எதிராளிக்கு இவ்வளவு இடம் கொடுத்தும், இரண்டின் வேகமும் லட்சம் கோடியில் ஒரு பங்கின் சில நூறில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட முடியாது என்றே வந்தது. நாங்க டெஸ்ட் கேஸ் எழுதும்போது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: பாஸ் ஆகிற மாதிரி எழுதுவோம்.

அடி வாங்கியது, கரும் ஆற்றலை விளக்க ஈர்ப்பையே திருத்திய பல மாதிரிகள். அவற்றில் ஈர்ப்பலை ஒளியின் வேகத்தில் போகாது. முடிவு வெளியான சில நாட்களிலேயே எஸ்கியாகாவும் சுமாலகாரெகியும் எந்தெந்தப் பாதை முட்டுச்சந்து என்று கட்டுரை எழுதிவிட்டார்கள். சுமாலகாரெகி 2014இல் அந்த வகைக் கோட்பாடுகளை விரிவாக்கியவர்களில் ஒருவர். தான் கட்டியதில் எது இடிந்தது என்று தானே பட்டியல் போடுவது சும்மா இல்லைங்க.

கூடுதல் பரிமாணங்கள் கதை வேற. பெரிய பரிமாணங்களுக்குள் ஈர்ப்பு கசிந்தால் அலை வலுவிழந்து, மூலம் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதுபோலத் தெரிய வேண்டும். தெரியவில்லை; அலை சொன்ன தூரமும் விண்மீன் மண்டலத்தின் தூரமும் ஒத்துப்போயின. ஆனால் பரிமாணம் சிறிதாகச் சுருண்டிருந்தால்? இந்தச் சோதனை அதைத் தொடவே தொடாது. அந்த இடத்தில் நிற்பவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனசு வரலை. சுருட்டல் எவ்வளவு சிறிது என்று அவர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று மட்டும் கேட்பேன்.