உயிர் போகாத வியாதி

உங்கள் சொந்தத்தில் எம்.டி. முடித்த பிள்ளை இருந்தால், அடுத்து என்ன என்று கேட்டுப் பாருங்கள். கார்டியாலஜி என்றால் மாமாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ருமட்டாலஜி என்றால், 'அப்படின்னா? கார்டியாலஜி கிடைக்கலையா?' என்பார்கள்.

அப்படின்னா இதுதான். காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்காரரை அடிக்கிற மாதிரி, உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் வியாதிகள் இந்தத் துறையில் நிறைய. முடக்குவாதம் அதில் ஒன்று. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். காலையில் விரல் மடங்காது. காபி டம்ளரைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். 'வாயு, வயசாச்சுல்ல' என்பார்கள் வீட்டில். அந்தம்மாவுக்கு 35-தான் ஆகியிருக்கும்! தைலம், வலி மாத்திரை என்று சுற்றிவிட்டு உரிய டாக்டரிடம் வருவதற்குள் மூட்டு அரித்திருக்கும். அரித்தது திரும்ப வராது.

இத்தனைக்கும் மருந்து இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் என்று, விலை மலிவான மாத்திரை. வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிடவேண்டும். (தினமும் சாப்பிட்டால் ஆபத்து. அதைப் பொறுமையாகச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டுமே.)

ஆளுக்குத்தான் பஞ்சம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு சேவை மனசு இல்லை' என்று திட்டுவது சுலபம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று. பதினொன்றரை வருஷம் படிக்கிற பிள்ளையிடம் தியாகம் கேட்க நாம் யார்? ஸ்டென்ட் வைத்தவரைக் கும்பிடுகிறோம். பத்து வருஷம் வலியில்லாமல் நடமாட வைத்தவரிடம், 'இன்னும் எத்தனை நாள் சார் மாத்திரை?' என்று சலித்துக்கொள்கிறோம். சாவைத் தள்ளிப்போடுவது மட்டும்தான் வைத்தியம் என்றால், அந்தம்மாவுக்கு எப்போதும் கடைசி டோக்கன்தான். நாற்பது வருஷ வலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

எனக்கென்னவோ இது மனசு விஷயமாகத் தோன்றவில்லை, கண் விஷயம். மாணவன் அதிகம் பார்ப்பது வார்டையும் எமர்ஜென்ஸியையும். மூட்டு நோயாளி ஓ.பி. வரிசையில் வந்து சீட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆறு மாசம் கழித்து வந்து, 'ஜாக்கெட் ஹூக்கை நானே மாட்டிக்கிட்டேன் டாக்டர்' என்று அவர் சொல்லும்போது, அந்த மாணவன் வேறெங்கோ போஸ்டிங்கில் இருப்பான். முதல் நாள் அந்த வீங்கின விரல்களைத் தொட்டுப் பார்த்தவனை அன்றைக்கும் பேராசிரியர் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். லெக்சர் வேண்டாம். ஒரு போன் போட்டால் போதும்.