கண்ணாடிச் சட்டத்தில் இருந்து வந்த தங்கம்

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் கடைக்கு வந்துவிட்ட காலம் இது. தங்கத்தைப் பற்றியும் அதே சந்தேகம் எழுவது இயல்புதான். இது பூமியிலிருந்து எடுத்ததா, மனிதன் செய்ததா என்று சோதித்துச் சொல்லிவிட முடியுமா? வைரத்தில் முடியும். அது வளர்ந்த விதம் படிகத்துக்குள்ளேயே பதிந்து கிடக்கும். தங்கத்தை உருக்கிப் புடம் போட்டுவிட்டால் கூடவே வந்த வெள்ளியும் செம்பும் போய்விடும், அவற்றோடு ஊர் அடையாளமும் போய்விடும். உரைகல்லானாலும், நகைக்கடை எக்ஸ்ரே இயந்திரமானாலும், மாற்று எவ்வளவு என்பதைத்தான் சொல்லும்.

இந்தக் கேள்வியை முழு நேர்மையோடு விசாரித்த ஒரு சோதனை பெர்லினில் நடந்தது. அடால்ஃப் மீத்தெ என்ற பேராசிரியர், பாதரச ஆவி விளக்குகளில் மின்சாரம் செலுத்தியபோது பாதரசம் தங்கமாக மாறியது என்று 1924-இல் அறிவித்தார். அதைப் பிதற்றல் என்று ஒதுக்க முடியாது. பாதரச அணுவின் கருவில் 80 புரோட்டான்கள், தங்கத்தில் 79. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அணுக்கருவை உடைக்க முடியும் என்று இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு காட்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. விளக்கின் பாதரசத்தில் தங்கம் இருந்ததும் உண்மை.

அதைச் சரிபார்க்க இறங்கியவர் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் இழப்பீட்டுக் கடனை அடைக்கக் கடல் நீரிலிருந்து தங்கம் எடுக்கலாம் என்று அலைந்துகொண்டிருந்தவர் அவர். அந்தத் தேடலில்தான் கண்ணுக்கே தெரியாத அளவுத் தங்கத்தை அளக்கும் வித்தை அவர் குழுவுக்குக் கைவந்தது. தங்கத்தை ஈயத்தில் சேர்த்து, ஈயத்தைப் போக்கி, மிஞ்சும் துளியை வெண்காரத்தோடு உருக்குவார்கள். அது சின்னஞ்சிறு உருண்டையாகத் திரளும். அதன் விட்டத்தை நுண்ணோக்கியில் அளந்து எடையைக் கணக்கிடுவார்கள்.

அவர்கள் விளக்கை ஏற்றுவதற்கு முன்பே பாதரசத்தைச் சோதித்தார்கள். காய்ச்சி வடித்த பாதரசத்திலும் தங்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. மின்முனைகளின் உலோகத்திலும் இருந்தது. ஆய்வகத்தில் ஒருவருக்குத் தன் தங்கச் சட்டக் கண்ணாடியை அடிக்கடி தொட்டுச் சரிசெய்யும் பழக்கம். அந்த விரல்களிலிருந்துகூட அளக்கக்கூடிய தங்கம் மாதிரிகளுக்குள் போயிருந்தது. இவை எல்லாவற்றையும் அடைத்த பிறகு விளக்கில் புதிதாக எந்தத் தங்கமும் பிறக்கவில்லை.

மீத்தெ சொன்னது மெய்யாக இருந்தால் ஹேபரின் நாட்டுக்குப் பெரும் விமோசனம். ஆனாலும் அவர் கண்டதைச் சொன்னார். கடல் நீரிலும் தான் நம்பியதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குத் தங்கமே இருக்கிறது என்பதையும் அவரே வெளியிட்டார். அந்த இரண்டாவது அறிவிப்புக்கு நான் இன்னும் கூடுதலாகத் தலைவணங்குவேன்.

உண்மையான செயற்கைத் தங்கம் 1941-இல் வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் பாதரசத்தை வேகமான நியூட்ரான்களால் தாக்கினார்கள். கிடைத்த தங்கம் கதிரியக்கம் உடையது. இயற்கையில் கிடைக்கும் தங்கம் ஒரே வகை: 79 புரோட்டான், 118 நியூட்ரான், நிறை எண் 197. இந்த எண்ணிக்கை மாறினால் தங்கம் நிலைக்காது. தங்கம்-198 என்பதை எடுத்துக்கொண்டால், 2.7 நாளில் பாதி அழிந்து மறுபடி பாதரசமாகிவிடும். அது விடும் காமா கதிரே அதன் பிறப்புச் சான்று.

ஆனால் மனிதன் சரியாக 197-ஐயே செய்துவிட்டால்? அந்த அணுவுக்கும் கோலார் சுரங்கத்து அணுவுக்கும் எந்தக் கருவியாலும் வேற்றுமை காண முடியாது, ஏனென்றால் வேற்றுமையே இல்லை. அப்போது தங்கத்தைக் குடைந்து பயனில்லை. செய்முறையின் வரவு செலவைத்தான் பார்க்க வேண்டும்: முன்பு என்ன இருந்தது, என்ன வெளியேறியது. ரசவாதம் என்று சொல்லிக் குப்பியோடு வருபவரிடமும் கேட்க வேண்டியது இதையே. அவர் காட்டும் பொட்டு நிஜத் தங்கமாகவே இருக்கலாம்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் குழுவும் அப்படித்தான் கணக்குப் பார்த்தது. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் ஈய அணுக்கருக்கள் மோதாமல் உரசினாற்போல் கடக்கும்போது, சிலவற்றிலிருந்து புரோட்டான்கள் தெறிக்கின்றன. ஈயத்துக்கு 82; மூன்று போனால் 79. 2015 முதல் 2018 வரை உண்டான தங்க அணுக்கருக்கள் சுமார் 8,600 கோடி என்று 2025-இல் அறிவித்தார்கள். எல்லாம் சேர்த்து ஒரு கிராமில் லட்சம் கோடியில் 29 பங்கு. அத்தனையும் நொடியின் சிறு பின்னத்துக்குள் அவை பாய்ந்த குழாயின் சுவரிலும் பிறவற்றிலும் மோதிச் சிதறிவிட்டது. தங்கத்தை யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்த புரோட்டான்களைத்தான் எண்ணினார்கள்.