வெள்ளரிக்காய் மேல் விழுந்த பழி

2011 மே மாதம் வட ஜெர்மனியின் மருத்துவமனைகளுக்கு இரத்தப்பேதியோடு வருவோர் நாளுக்கு நாள் கூடினர். பலருக்குச் சிறுநீரகமும் செயலிழந்தது. ஈ.கோலை பாக்டீரியாவின் கொடிய வகை ஒன்றுதான் காரணம் என்று தெரிந்தது; அது எந்த உணவில் வந்தது என்பதுதான் தெரியவில்லை. மே 26 அன்று ஹாம்பர்க்கின் சுகாதார அமைச்சர், ஸ்பெயின் வெள்ளரிக்காயில் கிருமி கண்டறியப்பட்டதாக அறிவித்தார். கடைகள் வெள்ளரியை அப்புறப்படுத்தின. ஸ்பெயினின் அல்மேரியா விவசாயிகள் வாங்க ஆளின்றிக் காய்களைக் கொட்டினார்கள். ஐந்து நாளில் மறுசோதனை முடிவு வந்தது: வெள்ளரியில் கிருமி இருந்தது மெய், ஆனால் ஆளைக் கொன்ற கிருமி அதுவல்ல.

உறுதியாகத் தெரியும் முன்பே ஓர் உணவின் மேல் குற்றம் சொல்வது அறமா?

பொறுத்திருக்கலாமே என்று பிறகு சொல்வது சுலபம். விற்ற உணவைத் திரும்பப் பெறுவதே சந்தேகத்தின் பேரில் நடக்கும் காரியம். நோயாளி ஒரு வாரத்துக்கு முன் தின்றதை நினைவுகூர வேண்டும். அதை விற்ற கடை, கடைக்கு அனுப்பிய மொத்த வியாபாரி, அவருக்கு அனுப்பிய பண்ணை என்று பில்லையும் பேட்ச் எண்ணையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும். ஜெர்மனியில் நோயாளிகளுக்குத் தக்காளியும் வெள்ளரியும் நினைவிருந்தன. தட்டின் மேல் அழகுக்குத் தூவிய முளைகட்டிய தானியம் நினைவில்லை. கடைசியில் உணவகத்தில் சாப்பிட்டவர்களின் நினைவை மட்டும் நம்பாமல் சமையல்காரரிடமே எதில் என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டபோதுதான் வழி திறந்தது. எகிப்திலிருந்து வந்த வெந்தயம் ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலத்துப் பண்ணை ஒன்றில் முளைகட்டப்பட்டு விற்பனையாகியிருந்தது. ஜூன் 10 அன்று முளைகள்தான் காரணம் என்று அறிவித்தார்கள். 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றதில் 53 பேர் இறந்தனர்.

தவறான எச்சரிக்கையால் நட்டப்பட்டவர் விவசாயி மட்டும் அல்ல. வெள்ளரியை ஒதுக்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நம்பியவர் தட்டில் முளை இருந்திருக்கலாம். ஆகவே, முந்திக்கொண்டு பேசுவது எப்போதும் பாதுகாப்பு என்ற வாதமும் முழுக்கச் செல்லாது. சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே சொல்ல வேண்டும். தீர்ப்பின் தொனியில் சொல்லக் கூடாது.

ஆனாலும் பேசாமல் இருப்பதோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பிளேக்லி என்ற ஊரில் இருந்த வேர்க்கடலை ஆலையில் சோதனை சால்மோனெல்லா கிருமி இருப்பதைக் காட்டிய பிறகும் சரக்கு வெளியே போனது. சுத்தம் என்று பொய்ச் சான்றிதழும் கூடவே போனது. 2008, 2009இல் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஒன்பது பேர் இறந்தனர். அந்தக் கடலை கலந்த பண்டங்கள் ஆயிரக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. 2015இல் நிறுவனத் தலைவருக்கு 28 ஆண்டு சிறை கிடைத்தது. ஹாம்பர்க்கில் நடந்தது அறியாமையால் வந்த பிழை, இங்கே நடந்தது அறிந்தே செய்த துரோகம்.

இந்தியாவின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், 28ஆம் பிரிவில், நிரூபணம் வரட்டும் என்று உற்பத்தியாளரைக் காத்திருக்கச் சொல்லவில்லை. உணவு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று நம்பக் காரணம் இருந்தாலே திரும்பப் பெறத் தொடங்க வேண்டும். சரியான விதி. மூட்டையிலிருந்து அளந்து விற்கும் பருப்புக்குப் பேட்ச் எண் ஏது என்பது வேறு சங்கடம்.

சந்தேகத்தின் பேரில் நடவடிக்கை எடுப்பது நியாயம் என்றால், சந்தேகம் பொய்க்கும்போது வரும் நட்டம் யார் தலையில்? ஊரைக் காக்க எடுத்த முடிவுக்கு அல்மேரியா விவசாயி மட்டும் விலை கொடுப்பது நியாயமல்ல. ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விவசாயிகளுக்கு 21 கோடி யூரோ ஒதுக்கியது, அதுவும் இழப்பீட்டுக்கான சண்டை முற்றிய பிறகு. விற்பனையை நிறுத்தும் அதிகாரத்தைக் கேட்கும் எந்த அரசும், பழி தவறானால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டையும் அதே சட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.