வாக்குக்கு ஈடாகப் பொம்மையா?



பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைத் தவறிய தகப்பன், அதற்கு ஈடாக ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா? அற்பக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். கிறிஸ்மஸ் நெருங்கும்போது அநேக வீடுகளில், பிள்ளைகள் வாய் திறந்து கேளாமலே கேட்கும் கேள்வி இது.

1996-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘ஜிங்கிள் ஆல் தி வே’ என்னும் சினிமாப் படம் இக்கேள்வியையே எடுத்துக்கொண்டது. குடும்பத்தோடு பார்ப்பதற்கென்று எடுத்த கிறிஸ்மஸ் படம். மினியாபொலிஸ் நகரத்து மெத்தை வியாபாரியான ஹோவர்ட், மகன் ஜேமியின் கராத்தே விழாவுக்கு வருவதாகச் சொல்லி வராமற்போகிறார். பையனைச் சமாதானப்படுத்த, ‘டர்போ மேன்’ என்ற வீரனின் பொம்மையை வாங்கித் தருவதாக இரண்டாம் வாக்குக் கொடுக்கிறார். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கடை கடையாய் அலைகிறார். பொம்மை எங்கும் இல்லை. தன் மகனுக்காக அதையே தேடும் தபால்காரர் மைரனோடு மல்லுக்கு நிற்கிறார். கடைசியில், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கென்று வைத்திருந்த பொம்மையைத் திருட அந்த வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார்!

இது வெறும் கற்பனை என்று எண்ண வேண்டாம். 1983-ல் ‘கேபேஜ் பேட்ச்’ பொம்மைகளுக்காக அமெரிக்கக் கடைகளில் பெரியவர்கள் ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளினார்கள். இப்படம் வந்த அதே கிறிஸ்மஸ் காலத்தில், கூச்சங்காட்டினால் சிரிக்கும் எல்மோ பொம்மைக்காக அதே கூத்து நடந்தது.

இதுவரைக்கும் படம் நமக்கு நல்ல கண்ணாடி. முடிவில்தான் அது நம்மை ஏமாற்றுகிறது. ஹோவர்ட் தற்செயலாய் டர்போ மேன் வேஷத்தை அணிந்து, ஊர்வலத்தின் நடுவே ஆகாயத்தில் பறந்து மகனைக் காப்பாற்றுகிறார். மகன் பூரிக்கிறான், எல்லாம் சரியாகிவிடுகிறது. ஆனால் பையன் கேட்டது என்ன? தன் விழாவில் தகப்பன் வந்து உட்கார வேண்டும் என்பதே. அந்த நாற்காலி காலியாய் இருந்ததற்கு, பறந்து காட்டுவதா பதில்? நம் வீட்டுத் தகப்பன்மார் யாரும் பறக்கப் போவதில்லை. பறக்காமல் வெறுமனே வந்து உட்காருகிற தகப்பனுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. படம் முடிந்த பிறகு வரும் சிறு காட்சியில், மனைவிக்குப் பரிசு வாங்க மறந்தது ஹோவர்டுக்கு நினைவு வருகிறது. சிரிப்புக்காக வைத்த காட்சிதான். ஆனாலும் மனிதர் மாறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

“அப்படியானால் வயிற்றுப் பிழைப்புக்காக இரவும் பகலும் உழைக்கிற தகப்பன் பரிசு கொடுப்பது குற்றமா?” என்று கேட்பீர்கள். ஒருபோதும் இல்லை. வர இயலாதவன் அன்போடு கொடுக்கும் பரிசு வேறு. வர மனமில்லாதவன் வாயடைக்கக் கொடுக்கும் பரிசு வேறு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். பிள்ளைகள் வித்தியாசத்தை அறிவார்கள். நேரமாய்ப் பட்ட கடனை நேரமாய்த்தான் தீர்க்க வேண்டும்.

அந்தப் படத்திலும் ஒரு நல்ல மணி உண்டு. பொம்மை கைக்கு வந்ததும் ஜேமி அதை மைரனிடமே கொடுத்துவிடுகிறான், அவருடைய மகனுக்காக. தகப்பன் கிடைத்த பிறகு பொம்மை அவனுக்குத் தேவைப்படவில்லை. பெரியவர்கள் நாள் முழுதும் ஓடியும் கற்காததைச் சிறுவன் ஒரு நொடியில் செய்துவிட்டான்.

பெத்லெகேம் கொட்டிலில் அர்ச். சூசையப்பரிடம் திவ்விய பாலனுக்குக் கொடுக்கப் பொன்னுமில்லை, தூபமுமில்லை. அவர் கூட இருந்தார். ஆகையால் இவ்வருஷம் கடைக்குப் புறப்படுமுன், பிள்ளைக்குச் சொல்லி நிறைவேற்றாத வாக்கு ஏதாவது உண்டா என்று நினைத்துப் பாருங்கள். இருந்தால், முதலில் அதை நிறைவேற்றுங்கள். பொம்மை பிறகு வரட்டும்.