அற்புதமும் அன்பும்

வல்லமை காட்டுவோரெல்லாம் இறையருள் பெற்றவர் ஆவரோ? கிறித்தவ மறை அவ்வாறு கருதவில்லை. பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த இயேசு, தம் பசி தீரக் கல்லை அப்பமாக்க மறுத்தார். பசித்த மக்களுக்கோ அப்பத்தைப் பெருக்கி அளித்தார். தேவ வரத்தைப் பொருள் கொடுத்து வாங்க முனைந்த மாயவித்தைக்காரன் சீமோனைப் பேதுரு கடிந்துரைத்தார்.

பிரான்சின் லூர்து நகரில் 1858-இல் அன்னையின் காட்சி கண்ட பெர்னதெத், 1879-இல் தம் 35-ஆம் வயதில் நோயாலேயே மறைந்தார். அங்கு நலம் பெற்றதாக ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அறிவித்தும், ஆய்வுக்குப்பின் 2018 வரை திருச்சபை அற்புதமென ஏற்றவை 70 மட்டுமே. ஆராய்ந்து தெளிதலும் இறைப்பற்றே.

நோயாளியின் கண்ணீருக்கு விலை கூறும் வல்லமை, எத்துணை வியப்பூட்டினும் அற்புதமாகாது. கைம்மாறு கருதாது அவனருகே விழித்திருக்கும் அன்பிலேதான் இறைவனின் கை தெரிகிறது.