பொருள்மதிப்பும் நடுவுநிலையும்

உலகத்தார் தாம் வாங்கும் கருவிகளை நன்றென்றும் தீதென்றும் நாடோறும் கூறி வருகின்றனர். விளையாட்டுக் கருவி, கைப்பேசி, சிறு மடிக்கணினி என்பவற்றுள் எது சிறந்தது என்னும் பேச்சு வீட்டிலும் கடையிலும் கல்லூரியிலும் ஓயாது நிகழ்கின்றது. இஃது அற்பப் பேச்சென்று கற்றோர் சிலர் ஒதுக்குவர். அது பொருந்தாது. ஒருவன் சொல்லைக் கேட்டு மற்றொருவன் தான் அரிதின் ஈட்டிய பொருளைச் செலவிடுகின்றானாதலின், அச்சொல் சான்றுரையாகின்றது. சான்றுரையிற் பிழைத்தல் அறத்திற் பிழைத்தலேயாம். ஆகவே, ஒரு கருவியைப் பற்றிய மதிப்புரை எப்பொழுது மெய்யாகும் என்பது ஆராயத்தக்கது.

மதிப்புரையில் மூன்று கலந்து நிற்கும். பொருளின் இயல்பு ஒன்று. கொள்வானது தேவை ஒன்று. உரைப்பானது பற்று ஒன்று. முன்னைய இரண்டும் உரைக்கு உரியன. மூன்றாவது, உரையிற் புகுந்து ஏனைய இரண்டனையும் மறைப்பது.

பொருளின் இயல்பொன்றே கொண்டு முடிவு கூறுதல் ஆகாதென்பதற்கு ஒரு சான்று காட்டுதும். 1989-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. குன்பே யோகோய் என்பாரும் அவர் குழுவினரும் அமைத்த அக்கருவியின் திரை பல வண்ணம் காட்டாதது, உள்விளக்கும் இல்லாதது. 1990-ஆம் ஆண்டில் சேகா நிறுவனம் வெளியிட்ட 'கேம் கியர்' வண்ணத்திரையும் உள்விளக்கும் உடையது. திரையை மட்டும் நோக்குவார் பின்னதே சிறந்ததென்பர். ஆயின், அஃது ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்திற் றீர்த்துவிடும்; கேம் பாயோ நான்கு மின்கலங்களால் பத்து மணிக்கு மேலும் இயங்கும். நெடுவழி செல்லும் சிறுவனுக்கு இவற்றுள் எது நன்று? திரையின் அழகு குணமே. எனினும், பாதி வழியில் அணைந்துபோன கருவியின் அழகால் அவன் பெறும் பயன் யாதுமில்லை.

இனி, ஒவ்வா அளவுகோல் கொண்டு அளத்தலும் உண்டு. 2007-ஆம் ஆண்டில் தைவான் நாட்டு ஏசுஸ் நிறுவனம் 'ஈ பிசி' என்னும் சிறு மடிக்கணினியை வெளியிட்டது. ஏழங்குலத் திரையும், நான்கு கிகாபைட் சேமிப்பும், ஒரு கிலோகிராமிற்குக் குறைந்த எடையும் உடையது அது. புகழ்ந்தார் பெருங்கணினிக்கு ஈடென்றனர். இகழ்ந்தார் விளையாட்டுப் பொருளென்றனர். இருவரும் பெருங்கணினியையே அளவாகக் கொண்டமையின் இருவரும் வழுவினர். 2010-ஆம் ஆண்டில் 'ஐபேட்' கருவியை அறிமுகஞ் செய்த ஸ்டீவ் ஜாப்ஸ், இவ்வகைக் கணினிகள் எதனினும் மேம்பட்டனவல்ல என்னும் கருத்துப்படப் பேசினார். அவர் மாற்றுப்பொருள் விற்பவர் என்பதை நினைந்தே அவ்வுரையைக் கேட்டல் வேண்டும். ஆயினும், அது பற்றியே அதனைப் பொய்யென்று தள்ளுதலும் ஆகாது. திரை குறுகியதும் விசைகள் நெருங்கியதும் உண்மையே. சில ஆண்டுகளில் அவ்வகைக் கணினிகள் வாணிகத்தினின்று நீங்கின. அதனால், அவற்றிற் பாடக்குறிப்பு எழுதிய மாணவர் பெற்ற பயன் பொய்யாகிவிடாது.

மூன்றாவதாகிய பற்றே நுண்ணியது. அமெரிக்க உளநூலார் ஜாக் பிரெம் என்பவர் 1956-ஆம் ஆண்டில் ஓராராய்ச்சி வெளியிட்டார். ரொட்டி வாட்டும் கருவி, கையில் எடுத்துச் செல்லும் வானொலி, மேசைவிளக்கு முதலிய எட்டுப் பொருள்களைப் பெண்கள் சிலர் மதிப்பிட்டனர். பின்னர், அவற்றுள் இரண்டைக் காட்டி ஒன்றைத் தேர்ந்து கொள்ளச் செய்து, மீண்டும் மதிப்பிடுமாறு கேட்டனர். தேர்ந்த பொருளின் மதிப்பு உயர்ந்தது. விட்ட பொருளின் மதிப்புத் தாழ்ந்தது. பொருள்களோ மாறினவல்ல. தேர்வின்றிப் பரிசாகப் பெற்றாரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஆகவே, மதிப்பைத் திரித்தது உடைமை மாத்திரமன்று. 'யான் தேர்ந்தேன்' என்னும் முனைப்பே என்பது பெறப்படும். அவ்வாராய்ச்சியின் கணிப்புமுறைக்குப் பின்னாளில் தடை கூறினாருமுளர். எனினும், தான் வாங்கியதைப் பழித்தாரைத் தன்னையே பழித்தாராகக் கருதிச் சினப்பார் எங்கும் உளராதலின், அம்முனைப்பு உண்மையென்பது தெளிவு.

அற்றேல், பற்றில்லாதார் யாருமிலராதலின், ஒருவரும் மதிப்புரை கூறலாகாதோ எனின், அங்ஙனமன்று. பயன்படுத்தாதவனுக்குப் பொருளின் இயல்பு தெரியாது; பயன்படுத்தினவனுக்கோ பற்றுண்டாகும். அறிவும் பற்றும் ஒருங்கே பிறத்தலின், பற்றுக்கு அஞ்சி அறிவை அடக்குதல் வேண்டா. பற்றை வெளிப்படக் கூறி அறிவை வழங்குதலே முறை. ஆயின், பலர் வாங்கியதே நன்றெனக் கொள்ளலாமோ எனின், அதுவும் ஆகாது. பலர் வாங்கினர் என்பது பலர் விரும்பினர் என்பதை மட்டுமே காட்டும். கேட்பானுடைய தேவையைக் காட்டாது.

ஆகலின், உரைப்பான் செய்யற்பாலன சிலவுள. கேட்பானுக்கு எது வேண்டுமென்று முதலில் வினவுதல். தான் அக்கருவியை எத்துணைக் காலம் வழங்கினான் என்று கூறுதல். நேரிற் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வேறுபடுத்தல். தான் வாங்கியதன் குறையையும் வாங்காததன் குணத்தையும் ஒன்றேனும் உரைத்தல். இவற்றுட் கடையதே அரியது. நடுவுநிலைக்கு உரைகல்லும் அதுவே.

இன்னுமொன்று. விலை குறைந்த கருவி வைத்திருப்பானை அக்கருவி பற்றி எள்ளுதல், பொருளைப் பற்றிய உரையன்று. அவன் வறுமையைப் பற்றிய உரையாம். ஒரு கருவியின் வேகம் சில ஆண்டுகளிற் பழமையாகிவிடும்; அதன்பொருட்டு ஒருவன் நெஞ்சிற் பட்ட புண் அத்துணை விரைவில் ஆறாது. பொருளை அளக்கப் புகுந்தவன் தன் நெஞ்சையும் உடனளந்து கொள்வானாயின், அவன் உரை கேட்டார்க்கும் பயன்படும். அவனுக்கும் பழி தாராது.