ஒரு பச்சைப் புள்ளி

ஸ்நோடிராப் என்ற பூவை நான் பார்த்ததில்லை. பி.ஏ.வில் ஆங்கிலக் கவிதை படித்தபோது அது எனக்கு ஒரு சொல்லாகத்தான் வந்து சேர்ந்தது. பனிக்காலத்தின் கடைசியில், தோட்டத்தில் வேறெதுவும் தலைகாட்டாத ஜனவரி பிப்ரவரியில், ஒரு சாண் உயரம்கூட இல்லாமல், தலைகுனிந்து பூக்கிற வெள்ளைப் பூ. பார்க்காத பூவைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். பூவைப் பற்றி எழுத எனக்கு யோக்யதை இல்லைதான். அதன்மேல் பைத்தியமாக இருக்கிறவர்களைப் பற்றி எழுதலாம் என்று தோன்றுகிறது. அந்தப் பைத்தியம் எனக்குப் பழக்கமானது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பூவுக்கு வெளியே மூன்று இதழ்கள். உள்ளே குட்டையாக மூன்று. உள்ளிதழின் நுனியில் ஒரு பச்சைக் குறி. 1753இல் லின்னேயஸ் இதற்குக் கலாந்தஸ் என்று பெயர் வைத்தார். பால் பூ என்று பொருள். பிரனீஸ் மலைகளிலிருந்து துருக்கி, காகஸஸ், ஈரான் வரை சுமார் இருபது இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. இதை உச்சத்தில் வைத்துக் கொண்டாடுகிற பிரிட்டன் அதன் பூர்வீகம் அல்ல என்பதே பலருடைய முடிவு. தோட்டங்களுக்கு வந்து, அங்கிருந்து காடுகளுக்குத் தப்பிப் போனது. 1853-56 கிரைமியா யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வேறொரு இனத்தின் கிழங்குகளைக் கொண்டுவந்தார்கள். மலைகளில் ஒன்றையொன்று பார்த்திராத இனங்கள் பாத்திகளில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. தேனீக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இன்று பெயரிடப்பட்ட வகைகள் இரண்டாயிரத்துக்கு மேல்.

இரண்டாயிரமும் நின்றுகொண்டு பார்க்கிறவனுக்கு ஒரே பூ. வித்தியாசம் அந்தப் பச்சைக் குறியில் இருக்கிறது. ஒன்றில் அது தலைகீழ் இதயம், ஒன்றில் இரண்டு புள்ளி, இன்னொன்றில் உள்ளிதழ் முழுவதும் பச்சை. சிலவற்றில் பச்சைக்குப் பதில் மஞ்சள். பூ குனிந்திருப்பதால் இதைப் பார்க்க மனிதனும் குனிய வேண்டும். ஈர மண்ணில் முழங்காலிட்டு, விரல் நுனியால் பூவை நிமிர்த்தி உள்ளே பார்க்கிறார்கள். இவர்களுக்குக் கலாந்தஃபைல் என்று ஒரு பெயரே உண்டு. என்ஃபீல்டில் தோட்டம் வைத்திருந்த இ. ஏ. போல்ஸ் உண்டாக்கிய சொல் என்பார்கள்.

முழங்காலிட்டுப் பார்க்கும் இந்தக் காரியத்தில் எனக்கு மரியாதை உண்டு. கவனத்தைப் பிரார்த்தனைக்குப் பக்கத்தில் வைத்தவர் ஸிமோன் வைல். தன்னை மறந்து வேறொன்றை அது உள்ளபடியே பார்ப்பது லேசான காரியமில்லை. பொதுவாக நாம் எதையும் பார்ப்பதில்லை. 'பூ' என்று சொல்லிவிட்டு அப்பால் போகிறோம். ஒரு புள்ளிக்கும் இரண்டு புள்ளிக்கும் உள்ள பேதத்துக்காகக் குளிரில் மண்டியிடுகிறவன், அந்த நேரத்துக்காவது, தன் அவசரத்திலிருந்து விடுபட்டவன். கவிதையில் ஒரு சொல் இடம் மாறினால் என்ன ஆகும் என்று கிடந்து மாய்கிற நாம் இவனைக் கேலி செய்ய முடியாது.

ஆனால் அடுத்த காட்சி வேறு மாதிரி இருக்கிறது. 2012இல் இணைய ஏலத்தில் 'எலிசபெத் ஹாரிசன்' என்ற மஞ்சள் குறியுள்ள வகையின் ஒரே ஒரு கிழங்கு 725 பவுனுக்குப் போயிற்று. 2015இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' 1,390 பவுன். 2022இல் 'கோல்டன் டியர்ஸ்' 1,850 பவுன். தோட்டங்களில் திருட்டு நடக்கிறது. திருடனுக்கு வழிகாட்ட வேண்டாமென்று அபூர்வ வகைகளுக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை வைக்காமல் விடுகிறவர்களும் உண்டு. பெயர் வைத்தது அடையாளம் கண்டு பிறருக்குக் காட்டுவதற்காக. இப்போது அந்தப் பெயரையே ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது.

விலையைத் திட்டுவது சுலபம். அதற்கு நியாயமும் உண்டு: விதையிலிருந்து ஒரு செடி பூக்கச் சில வருஷங்கள் ஆகும், அதிலும் பெரும்பாலானவை பெயர் வைக்கத் தகுதியில்லாமல் போகும். அந்தப் பொறுமைக்கு யாராவது காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். என்னை உறுத்துவது வேறு. நாளைக்கே மஞ்சள் குறி கொண்டவை புல்வெளியெல்லாம் பரவி, பச்சைக் குறி கொண்டது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். இதே மனிதர்கள் பச்சைக்காக மண்டியிடுவார்கள். பூவில் எதுவும் மாறவில்லை, எண்ணிக்கை மாறியிருக்கிறது. அப்படியானால் அவர்கள் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தது எதை?

இதற்கு ஒரு பதில் சொல்லலாம். அபூர்வம் கண்ணைத் திறக்கிற ஒரு உபாயம். மஞ்சளைத் தேடிப் பழகிய கண்தான் பச்சையையும் சரியாகப் பார்க்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அபூர்வத்தில் பழகிய கண் சாதாரணத்துக்குத் திரும்பி வருகிறதா? மரத்தடியில் ஆயிரக்கணக்கில் தானாகப் பூத்துக் கிடக்கும் நிவாலிஸ் முன்னால் அந்த மனிதன் நிற்கிறானா, இல்லை அதை மிதித்துக்கொண்டு அடுத்த பெயரை நோக்கி நடக்கிறானா? நின்றால் ரசிகன். நடந்தால் கணக்கன்.

கணக்கன் என்று சொன்னது யோசித்துத்தான். வங்கியில் நான் செய்வது அந்த வேலை. கவுண்ட்டரில் நான் எண்ணிக் கொடுக்கும் பணம் என் பெட்டியிலிருந்து குறைகிறது; சாயங்காலம் அந்தக் குறைவு தாளில் சரியாக வர வேண்டும். கொடுத்தால் குறையும் என்பதே அங்கே முதல் விதி. இந்த விதியை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்பது எனக்கு வெகுநாள் தெரியவில்லை.

என்னிடம் ஒரு கவிஞரின் மெலிந்த தொகுப்பு இருக்கிறது. ஒரே பதிப்பு, மறுபடி அச்சாகவில்லை. நடைபாதைக் கடையில் கிடைத்தது. அவரைப் பற்றி இரண்டு கட்டுரைகளில் எழுதினேன். நண்பர்கள் நடுவே அவர் வரிகளைச் சொல்கிறவன் நான் ஒருவனே. ஒரு நண்பர் அந்தத் தொகுப்பைக் கேட்டார். மறுபதிப்புக்கு முயற்சி செய்யலாம் என்பது அவர் எண்ணம். "எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் சார்" என்றேன். புத்தகம் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. இரண்டு வருஷம் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் அந்தக் கிழங்கு எனக்கு எதையோ சொல்கிறது. பெயரிட்ட ஒரு ஸ்நோடிராப் விதையிலிருந்து அதே குணத்தோடு வராது. கிழங்கு பக்கக் கன்று விட்டுப் பெருக வேண்டும், அல்லது கிழங்கைக் கத்தியால் அறுக்க வேண்டும். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான செதில்கள்; அடித்தட்டில் ஒரு துணுக்கோடு இரண்டிரண்டு செதிலாக நறுக்கி, ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு குட்டிக் கிழங்கு முளைக்கும். அழுகினால் எல்லாம் போகும். ஆகவே 'எஸ். ஆர்நாட்' என்ற பெயரில் உலகத்தில் எத்தனை செடி இருந்தாலும் அவையெல்லாம் ஒரே செடி. ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் பக்கத்தில் இருந்த சாமுவேல் ஆர்நாட் அதைக் கோல்ஸ்போர்ன் தோட்டத்து எல்வெஸுக்கு அனுப்பினார். அனுப்பியதால் அவரிடம் குறைந்தது என்ன?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஷெப்டன் மாலெட்டில் ஜேம்ஸ் ஆலன் என்பவர் விதை போட்டு ஏராளமான புதிய வகைகளை உண்டாக்கினார். பூஞ்சணமும் கிழங்கைத் துளைக்கும் ஈயும் வந்து அவர் சேகரிப்பில் பெரும்பகுதி நாசமாயிற்று. 'மேக்னெட்', 'மெர்லின்' என்று சில பெயர்கள் இன்றும் பிறர் தோட்டங்களில் பூக்கின்றன. ஒரு செடியைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைக் கொடுத்துவிடு என்பது தோட்டக்காரர்களிடையே பழைய வழக்கு.

இதை உடனே தியாகம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு துண்டு இருந்தால் என்னுடையது செத்தாலும் திரும்பக் கேட்டு வாங்கலாம். இதில் விவேகம்தான் அதிகம். கொடுக்கிறவன் ஒன்றையும் இழப்பதில்லை என்று சொல்வதும் பொய். ஒன்றை இழக்கிறான்: தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதை. அது பூவின் குணங்களில் ஒன்றில்லை. இதழிலோ குறியிலோ அதைக் காட்ட முடியாது. ஆனாலும் கொடுக்கும்போது கை நடுங்குவது அதற்காகத்தான். பூவின்மேல் உள்ள அன்பையும் தனி உரிமையின்மேல் உள்ள ஆசையையும் வைத்திருக்கும்வரை பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே மாதிரி கண்ணை அகலச் செய்யும். கொடுக்கிற நேரத்தில்தான் கத்தி நடுவே இறங்குகிறது.

போன மாதம் புத்தகத்தைக் கொடுத்தேன். நண்பர் ஒரு மணி நேரத்தில் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார். "இத்தனை நாள் எங்கே சார் இருந்தது?" என்றார். பழைய காகிதங்களுக்கு அடியில் என்றேன். அன்று ராத்திரி தொகுப்பை எடுத்துப் படித்தேன். ஐந்தாறு கவிதைகள் முன்போலவே நன்றாக இருந்தன. இரண்டு மூன்று, நான் எழுதிய அளவுக்கு இல்லை. மற்றவை எப்படி என்று இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

நண்பர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்.